பார்க்காத வீடு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் அழுக்குமூட்டை எழுதுவது. தபாலில் கடிதம் என்றதும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. ஆவதற்கு நம் இரண்டு பேரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

விஷயம் இதுதான். இந்த அரையாண்டுக்கு எங்கள் மேடம் ஒரு பெரிய வேலை கொடுத்திருக்கிறார். தலைப்பு, ‘பார்க்காத வீடு’. நாங்கள் ஒருமுறைகூடப் போகாத வீட்டை வரைந்து, செதுக்கி, அச்சிட வேண்டும். அங்கே குடியிருப்பவர் கடிதத்தில் எழுதுவதை வைத்துத்தான் வரையலாம். புகைப்படம் கூடாது, போனில் கேட்கக் கூடாது, நேரில் எட்டிப் பார்க்கவே கூடாது. வகுப்பில் பாதிப் பேர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் குஷி. உனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் உன் வாசற்படியை நான் மிதிக்கவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் அத்தான், “வீட்டுல வேலை ஓடிட்டு இருக்கும்மா, முடியட்டும், வா” என்கிறார். முடிந்தபாடில்லை. எனக்கு அது இப்போது நல்லதாகப் போயிற்று!

அதனால் இனி ஏப்ரல்வரை நமக்குள் போன் கிடையாது. கடிதம் மட்டும்தான். சமையலறை தொடங்கி வாசல்வரை ஒன்று விடாமல் எழுது. எந்தச் சுவரில் எந்த ஜன்னல், வெளிச்சம் எப்போது வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், எல்லாம் வேண்டும். உனக்குத்தான் எதையும் அளந்து பேசத் தெரியுமே.

துறை அலுவலகத்தில் குடும்ப முகவரி கேட்டார்கள். உன் முகவரியைத்தான் கொடுத்தேன்.

உன்,
அழுக்குமூட்டை

ஜனவரி 20

என் அழுக்குமூட்டைக்கு,

கடிதத்தை அவர்தான் முதலில் பிரித்தார். என்னவோ ஏதோ என்று பார்த்தாராம். படிப்பு சம்பந்தப்பட்டது என்றதும், “எழுது, எழுது, கல்லூரி வேலைன்னா எழுதத்தான் வேணும்” என்று அவரே தாள் வாங்கிவந்து கொடுத்தார். ஆக, உன் மேடத்துக்கு என் சார்பில் ஒரு கும்பிடு போட்டுவிடு.

வீட்டில் மொத்தம் நான்கு அறைகள். வாசல் கதவைத் திறந்தால் கூடம். அங்கிருந்து ஒரு நடை. நடையின் இடது கையில் படுக்கையறை, வலது கையில் குளியலறை, கோடியில் சமையலறை. சமையலறைக்கு ஒரு பின்கதவு உண்டு. படுக்கையறையில் ஒரே ஒரு ஜன்னல், கிழக்கே பார்த்தது. காலை ஏழு மணிக்கு வெயில் அதன் வழியாக இறங்கி, கட்டில் காலைத் தொட்டு, பீரோமேல் ஏறி, ஒன்பதரைக்குப் போய்விடும். அந்த இரண்டரை மணி நேரம் வீட்டிலேயே அழகான இடம் அதுதான். எதிரே ஒரு மாடிவீடு. அங்கே ஒரு அம்மாள் துணி உலர்த்துவார். நாங்கள் கையசைத்துக்கொள்வோம். பெயர்கூடத் தெரியாது.

உன் அத்தானைப் பற்றிக் கேட்கவில்லையே. கட்டடச் சாமான் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறவர் வீட்டில் சும்மா இருப்பாரா? ஞாயிறு வந்தால் துளையிடும் மெஷினும் கையுமாக எழுந்துவிடுவார். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளவு நாடா இருக்கும். போன ஞாயிறு குளியலறைக் கதவின் உள் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்தார். துருப்பிடித்துவிட்டதாம். எனக்கென்னவோ நன்றாகத்தான் இருந்தது. புதிதாக ஒன்று மாட்டுவார் என்று காத்திருக்கிறேன். அதுவரை உள்ளே போனால் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். என் குரலுக்கு வீட்டில் யாரும் அருகே வரமாட்டார்கள், கவலைப்படாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. நகத்தில் மையோடு சாப்பிடாதே.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேடம் வகுப்பிலேயே சத்தமாகப் படிக்கச் சொன்னார். “உங்க அக்கா எழுத்தாளரா?” என்றார். காலர் இருந்தால் தூக்கிவிட்டிருப்பேன்.

எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன், கேள். பொம்மை வீட்டின் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி உன் வீட்டின் நான்கு அறைகளும் ஒரே தாளில் தெரியும். எல்லா நிறத்துக்கும் ஒரே லினோ தகடுதான், ரப்பர் மாதிரி உளிக்கு இளகும் பலகை. முதலில் வெளிர்மஞ்சளைத் தடவி எல்லாத் தாளிலும் அச்சிடுவேன். பிறகு எங்கெல்லாம் மஞ்சளாகவே நிற்க வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டு அடுத்த நிறம். இப்படியே செதுக்கிச் செதுக்கிக் கடைசியில் கருப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். செதுக்கியதை ஒட்டவைக்க முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. இருபத்துநான்கு தாள்தான் முதலில் போட்டேன், இனி இருபத்தைந்தாவது என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது.

உன் ஏழு மணி வெயிலைச் செதுக்கிவிட்டேன். ஜன்னலும், கட்டில் காலில் விழுந்த வெளிச்சமும் மஞ்சளாக நிற்கின்றன. பக்கத்து மேசைக்காரி பார்த்துவிட்டு, “இந்த ரூம்ல போய்த் தூங்கணும்போல இருக்கு” என்றாள்.

அடுத்து மர நிறம். கதவுகளைப் பற்றி எழுது. எல்லாக் கதவும். தாழ்ப்பாள், கீல், பிடி எல்லாம்.

உன்,
அழுக்குமூட்டை

பிப்ரவரி 15

என் அழுக்குமூட்டைக்கு,

உன் மஞ்சளைக் கெடுக்கப்போகிறேன், திட்டாதே. போன ஞாயிறு ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தாயிற்று. எதிர்வீட்டு மாடியிலிருந்து உள்ளே தெரிகிறதாம். இரண்டு பூச்சு. ஜன்னல் கதவையும் ஆணி வைத்து அடைத்துவிட்டார், காற்றில் அடித்துக்கொள்கிறதாம். வெயில் இப்போது உள்ளே வருவதில்லை. மணி என்ன என்று கூடத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

கதவுகளைக் கேட்டாய். வாசல் கதவு கனமான மரம், இரண்டு பூட்டு. குளியலறைக் கதவில் இன்னும் தாழ்ப்பாள் இல்லை. பின்கதவின் குறுக்கே ஒரு மரச்சட்டம், நான்கு திருகு. அந்தப் பக்கம் நாய் வருகிறதாம். நான் நாயைப் பார்த்ததில்லை. படுக்கையறைக் கதவு பச்சை, பித்தளைப் பிடி, தாழ்ப்பாள் நடைப் பக்கம், ஆள் நெஞ்சு உயரத்தில்.

ஒன்று கேட்கட்டுமா? ஒரே ஒரு நாள் போனில் பேசலாமா? உன் குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. விதியை மீறினால் மார்க் குறைத்துவிடுவார்களா? என் போன் சரியாக வேலை செய்வதில்லை என்று அவர் கிடங்குக்கு எடுத்துப்போயிருக்கிறார். வந்ததும் பேசலாம். நீ சரி என்று எழுதினால், கல்லூரியே கேட்கிறது என்று சொல்லிக் கேட்டுப் பார்ப்பேன்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் கோபம்! இருபத்துநான்கு தாளிலும் ஜன்னல் மஞ்சளாக நிற்கிறது, நீ ஆற அமர வெள்ளைப் பெயிண்ட் என்று எழுதுகிறாய். அத்தானிடம் சொல்லி இன்னும் இரண்டு மாசம் பொறுக்கச் சொல்லியிருக்கக் கூடாதா? இனி அதை மாற்ற முடியாது. படத்தில் வெயில் அடித்தது அடித்ததுதான். நீயும் அத்தானும் என் அச்சுக்குள் வெளிச்சத்தோடுதான் இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

போன் வேண்டாம் அக்கா. கோபித்துக்கொள்ளாதே. இதுவரை வகுப்பில் விதியை மீறாதவர்கள் இரண்டே பேர், அதில் நான் ஒருத்தி. இன்னும் ஆறேழு வாரம்தான். அப்புறம் காது வலிக்க வலிக்கப் பேசலாம்.

போன வாரம் எல்லார் படத்தையும் சுவரில் மாட்டிப் பேசினோம். என் படுக்கையறைக் கதவைப் பார்த்து எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தாழ்ப்பாள் அறைக்கு வெளியே இருக்கிறது! “தகட்டுல எல்லாம் திரும்பித் தெரியுமே, நீ உள்ளே வெளியேவைக் குழப்பிட்டே” என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உன் கடிதத்தைத் தவறாகப் படித்துவிட்டேனோ? மாதிரித் தாள் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துச் சரியா தப்பா என்று எழுது. தப்பென்றால் கருப்பு போடும்போது எப்படியாவது சமாளிக்கிறேன்.

உன்,
அழுக்குமூட்டை

மார்ச் 8

அன்புள்ள தங்கைக்கு,

மாதிரித் தாள் வந்தது. நன்றாக இருக்கிறது. நீ போட்டது சரி. தாழ்ப்பாள் வெளியேதான்.

அவரும் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தார். அளவு நாடாவை எடுத்து வீட்டையும் படத்தையும் ஒப்பிட்டு, பென்சிலால் ஏழு இடத்தில் திருத்தியிருக்கிறார். பீரோ இன்னும் இரண்டு விரல் தள்ளியிருக்க வேண்டும். நடை நீ போட்டதைவிடக் குறுகல். திருத்திய தாளைத் திருப்பி அனுப்பச் சொன்னார், வைத்திருக்கிறேன். உன் வேலையில் தப்பு வரக் கூடாது என்பதற்காக இனி நான் எழுதுவதை எல்லாம் அவரே சரிபார்த்து அனுப்புவார். இதையும் படித்துவிட்டுத்தான் தருகிறார்.

நான் நலம். வீட்டில் எல்லாம் வசதியாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு ஒரு பெரிய நன்றி சொல். ஏழு திருத்தமும் அவ்வளவு துல்லியம். மேடம் பார்த்துவிட்டு, “இவரை நம்ம துறையில சேர்த்துக்கலாம் போலிருக்கே” என்றார்.

தாழ்ப்பாள் சரி என்று நீ எழுதியதைப் படித்ததும் கை ஒரு நிமிஷம் நின்றுவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். முன்பு அந்த அறை சாமான் அறையாக இருந்திருக்கும், அப்போது போட்ட தாழ்ப்பாளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தானே? வகுப்பில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. அந்தக் கதவின் முன்னால் நின்று நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். படத்துக்கு ஒரு கனம் வந்துவிட்டது என்கிறார் மேடம். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் உன் கடிதம் சின்னதாகிவிட்டது. கிண்டலே இல்லை. எப்போது நான் உனக்குத் தங்கையானேன்? அழுக்குமூட்டை எங்கே போனாள்? உடம்பு சரியில்லையா?

சமையலறை மட்டும் பாக்கி. கருப்பு போடும் முன் அதை எழுதிவிடு.

உன்,
அழுக்குமூட்டை

ஏப்ரல் 2

அழுக்குமூட்டை,

அவர் கைக்குப் போகாத முதல் கடிதம் இது. குளியலறைச் சுவரில் உயரத்தில் ஒரு காற்றுத் துளை இருக்கிறது. அதன் அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் முற்றம். தாளை மடித்து அதன் வழியே போடுகிறேன். அந்த அம்மா எடுத்துத் தபாலில் சேர்ப்பார். பதிலை அவர் முகவரிக்கே எழுது, பின்பக்கம் இருக்கிறது. இந்த வீட்டுக்கு எழுதாதே.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அத்தான் என்னைப் பூட்டிவைத்திருக்கிறார். அவர் வேலைக்குப் போகும்போது படுக்கையறையில் வைத்துத் தாழ்ப்பாள் போடுவார், மத்தியானம் வந்து திறப்பார், சமைக்க விடுவார், மறுபடியும் கிளம்பும்போது போடுவார். இப்போது சில நாள் சமையலறைவரை திறந்துவிட்டு, கூடத்துக்குப் போகும் நடைக்கதவைப் பூட்டுகிறார். நல்லபடியாக நடந்துகொண்டால் அது. அடிப்பதில்லை. அடித்திருந்தால் காட்டுவதற்காவது ஏதாவது இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் சிரித்த முகத்தோடு வீட்டை ஒரு சாண் சின்னதாக்குகிறார். போன் இனி வராது. உனக்கு எழுதுவதற்கு மட்டும்தான் தாள் கிடைக்கும், அதுவும் வீட்டைப் பற்றி மட்டும். உன் மேடம் கேட்ட கேள்விகளுக்குள்தான் நான் இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தேன். உனக்குக் கேட்கும் என்று நினைத்தேன்.

கத்தலாமே என்பாய். ஒரு நாள் கத்தினேன். தெருவே வந்தது. “அவளுக்கு மனசு சரியில்லைங்க, பகல்லயே பயந்துக்கறா, மருந்து குடுத்துட்டு இருக்கோம்” என்றார். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். தையல்காரம்மா மட்டும் ஆட்டவில்லை. போலீசுக்குப் போனாலும், “சொந்தக்காரங்க யாரும்மா இருக்காங்க?” என்றுதான் முதலில் கேட்பார்கள் என்கிறார். என் பக்கம் நிற்க ஆள் வேண்டும். நீ வேண்டும்.

பின்கதவுச் சட்டத்தில் நான்கு திருகு என்று எழுதினேன் அல்லவா? மூன்றைக் கரண்டிக் காம்பால் கழற்றிவிட்டேன். மூன்று வாரம் ஆயிற்று. கழற்றியதைச் சும்மா செருகி, சோப்பு தடவி வைத்திருக்கிறேன், பார்த்தால் தெரியாது. நாலாவது அடம்பிடிக்கிறது, இன்னும் கொஞ்சம்தான். கதவைத் தாண்டினால் சந்து, சந்தில் அடுத்த வாசலே தையல்காரம்மா வீடு. மாதக் கடைசி சனிக்கிழமை கிடங்கைக் காலிசெய்து கழுவுவார்கள். அன்று மட்டும்தான் அவர் மத்தியானம் வரமாட்டார், காலை எட்டுக்குப் போனால் மாலைதான்; சாப்பாட்டுக்காகச் சமையலறையைத் திறந்துவிட்டே போவார். மற்ற நாளில் நினைத்த நேரத்துக்கு வந்து நிற்பார். ஏப்ரல் 25 சனிக்கிழமை. பத்து மணிக்குத் தையல்காரம்மா வீட்டில் இரு. நான் அந்தப் பக்கம் வந்துவிடுவேன். அங்கிருந்து நேராகக் காவல் நிலையம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்று இவ்வளவு நாள் சொல்லவில்லை. வந்துவிடு.

அக்கா

ஏப்ரல் 9

என் அக்கா,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. நான் ஒரு மடச்சி. நீ ஜன்னல் போயிற்று என்று எழுதினாய், நான் என் மஞ்சள் போயிற்று என்று சண்டை போட்டேன். போன் கேட்டாய், மார்க் போய்விடும் என்றேன். என்னைச் செருப்பால் அடி. 25 காலை பத்து மணிக்கு அங்கே இருப்பேன். என் அறைத்தோழியும் வருகிறாள், அவளுடைய மாமா வக்கீல், அவரிடம் பேசிவிட்டோம். இனி நீ என்னோடுதான். என் அறையில் கட்டில் சின்னது, நான் கீழே படுத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றுதான் கடைசிக் கருப்பைச் செதுக்க வேண்டிய நாள்.  வேறு எதுவும் செய்யத் தெரியாமல் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலியாக விட்டிருந்த சமையலறையில் உன் பின்கதவைச் செதுக்கினேன். குறுக்குச் சட்டம், நான்கு திருகு, அதில் மூன்று பாதி வெளியே வந்த நிலையில், தரையில் ஒரு கரண்டி. கதவு ஒரு நூல் அளவுக்குத் திறந்திருக்கிறது. நீ வெளியே வந்துவிட்டாய் என்றே நினைத்துச் செதுக்கினேன். அழுதுகொண்டே செதுக்கினேன். இங்கே யாருக்கும் உன் வீடு தெரியாது, யாருக்கும் எதுவும் புரியாது. எனக்கு மட்டும் அந்த ஒரு நூல் இடைவெளியைப் பார்த்தால் மூச்சு வருகிறது.

பத்தொன்பது தாள் நன்றாகத் தேறியது. இதைச் சொல்ல இது நேரமில்லை, இருந்தாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கண்காட்சி அழைப்பு அட்டையில் போட என் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் முதல் வருஷத்திலிருந்து ஆசைப்பட்டது. 22 புதன்கிழமை திறப்பு. அட்டைகளை அலுவலகமே அச்சடித்து எல்லார் குடும்பத்துக்கும் தபாலில் போட்டுவிடும். சனிக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து நேரே அங்கே நிறுத்தி, “இதுதான் எங்க அக்கா” என்று சொல்லப்போகிறேன்.

இன்னும் பதினாறு நாள். தைரியமாக இரு.

உன்,
அழுக்குமூட்டை

ஏப்ரல் 26

அக்கா,

இதை எங்கிருந்து படிப்பாய், படிப்பாயா என்றே தெரியவில்லை. தையல்காரம்மா வீடும் பூட்டிக் கிடக்கிறது. கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டுப் போகப்போகிறேன்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். புதன்கிழமை திறப்பு அன்று, பகல் பதினொரு மணிக்கு அத்தான் வந்தார். தனியாக. இஸ்திரி போட்ட சட்டை, கையில் அழைப்பு அட்டை. அட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜனவரியில் நான் கொடுத்த முகவரி! என் கையாலேயே எழுதிக் கொடுத்தது. ஒன்பதாம் தேதி உனக்கு அவ்வளவு சந்தோஷமாக எழுதினேனே, ‘எல்லார் குடும்பத்துக்கும்’ என்று, அப்போதுகூட என் மண்டையில் ஏறவில்லை.

படத்தின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “எல்லாம் சரியா வந்திருக்கும்மா. சமையலறையில மட்டும் ஒரு தப்பு. அந்த இடத்துல கதவு கிடையாது, சுவர். திருத்திக்கோ” என்றார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “ஓய்வுல இருக்கா” என்றார். என் தோளைத் தட்டிக்கொடுத்தார். சாயங்காலம்வரை மற்ற படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்போதே ஓடிவந்திருக்க வேண்டும். வரவில்லை. சனிக்கிழமைத் திட்டம் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மட்டுமில்லை. வியாழக்கிழமை எனக்கு மதிப்பீடு இருந்தது. அதை உன்னிடமாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை பத்து மணிவரைகூடப் பொறுக்க முடியாமல் எட்டரைக்கே வந்துவிட்டோம். தையல்காரம்மா வீடு பூட்டியிருந்தது. பதினொன்றுவரை சந்தில் நின்றோம். பின்கதவு இருந்த இடத்தில் செங்கல். சிமென்ட் பூச்சுக்கூட இல்லை. வக்கீல் மாமாவோடு காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்தோம். அவர்கள் கூப்பிட்டதும் அத்தானே வந்து வாசலைத் திறந்துவிட்டார். “வாங்க, பாருங்க, எனக்கு ஒளிக்க என்ன இருக்கு? புதன்கிழமை நான் வர்றதுக்குள்ள காணோம். தங்கச்சி வீட்டுக்குத்தான் போயிருப்பான்னு இருந்தேன். இப்ப இவங்களே வந்து எங்கன்னு கேக்கறாங்க, நான் யார்கிட்ட கேக்கறது?” என்றார்.

உன் வீட்டுக்குள் முதல்முதலாக நடந்தேன் அக்கா. எனக்கு ஒருவரும் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை. எத்தனை அடி வைத்தால் பீரோ, எங்கே திரும்பினால் பச்சைக் கதவு என்று என் காலுக்கே தெரிந்திருந்தது. அதைவிடக் கொடுமை எனக்கு வேறு இல்லை. படுக்கையறை பட்டப்பகலில் இருட்டாக இருந்தது. நான் கட்டில் காலில் மஞ்சள் வெயில் போட்டிருந்தேன். உன் செருப்பு இரண்டும் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

அந்தச் செங்கல் சுவரை இடித்துப் பார்க்கச் சொல்லி அழுதேன். சமையலறைப் பக்கம் இரண்டு வரிசையாக, வேண்டியதைவிட அகலமாகக் கட்டியிருக்கிறது. திங்கட்கிழமை அனுமதி வாங்கி ஆள் வைத்து இடிப்பார்களாம். அத்தான், “தாராளமா இடிங்க, மறுபடி கட்டிக்கறேன்” என்றார். இன்று ஞாயிறு. நான் சந்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது.

நேற்று ராத்திரி கல்லூரிக்குப் போய் மிச்சமிருந்த பத்தொன்பது தாளையும் கிழித்துவிட்டேன். தகட்டில் கிழிக்க ஒன்றுமில்லை. அட்டைகளைத் திரும்ப வாங்க முடியாது, நூற்றைம்பது போயிருக்கிறது.

எங்கே இருந்தாலும் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன்,
அழுக்குமூட்டை

அழுக்குமூட்டைக்கு,

தேதி போடவில்லை, ஊரும் போடவில்லை. முத்திரையைப் பார்த்துத் தேடாதே, இதை எனக்காக வேறொருவர் வேறோர் ஊரில் தபாலில் போடுகிறார்.

உயிரோடு இருக்கிறேன். சுவரை இடித்திருப்பார்கள், ஒன்றும் இருந்திருக்காது. அந்த ஒரு நாள் நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அட்டை திங்கட்கிழமை வந்தது. அவர் மேசையில் வைத்து, நாடாவை அருகே வைத்து, நிதானமாகப் பார்த்தார்.  எழுந்துபோய்ப் பின்கதவின் திருகுகளை ஒவ்வொன்றாக விரலால் இழுத்தார். மூன்றும் கையோடு வந்தன. சோப்பை முகர்ந்து பார்த்தார். கரண்டியைக் கழுவித் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அன்று மாலையே செங்கல் வந்தது. இரண்டாவது வரிசை எதற்கு என்று நான் கேட்டேன். “அளவு பார்த்துத்தான் கட்டறேன்” என்றார். பாதியில் நிறுத்தி, என்னைக் கூப்பிட்டு, சுவரோடு சுவராக நிற்கவைத்து நாடாவைப் பிடித்தார். தோளுக்குத் தோள். பிறகு குறித்துக்கொண்டார்.

மறுநாள் அதையும் தாளில் எழுதிக் காற்றுத் துளை வழியாகப் போட்டேன். புதன்கிழமை, படத்தில் வேறு என்னென்ன இருக்கிறது என்று பார்க்க உன் கண்காட்சிக்குக் கிளம்பினார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் தையல்காரம்மா பூட்டு ரிப்பேர்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலின் இரண்டு பூட்டும், நடைக்கதவும், தாழ்ப்பாளும். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. வெறுங்காலோடு வந்துவிட்டேன். தெருவில் நான்கைந்து பேர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. இதைத் தையல்காரம்மா பிப்ரவரியிலேயே செய்கிறேன் என்றார். நான்தான், என் தங்கை வருவாள், சொந்தம் என்று ஒருத்தி பக்கத்தில் நிற்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். அது என் தப்பு, உன் தலையில் கட்டவில்லை. தையல்காரம்மாவும் அன்றே கிளம்பித் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கதவிடுக்கில் தள்ளிய உன் கடிதத்தை, துணிமணி எடுக்க வந்தபோது பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். இனி அவருக்கும் என் இடம் தெரியாது, அப்படித்தான் ஏற்பாடு செய்துகொண்டோம்.

உன் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாகிவிட்டது, எழுத வரவில்லை. நீ என்னை வெளியே விட்டதாக நினைத்துத்தான் அந்தக் கதவைச் செதுக்கினாய். எனக்குத் தெரியும். ஆனால் உன்னிடம் ஒன்றைச் சொன்னால் அது உனக்குள் நிற்காது, கைக்கு வந்துவிடும். அம்மா போன நாளிலிருந்து உன்னை வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா?

அவர் உன்னிடம் வருவார். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, எனக்கு உடம்பு எப்படி இருக்கிறதோ என்று கண் கலங்கிக்கொண்டு வருவார். ஒரு முறை இல்லை, பல முறை வருவார். உனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ சத்தியம் செய்வாய். அவர் உன் முகத்தைப் பார்ப்பார், உன் மேசையைப் பார்ப்பார், நீ அப்போது வரைந்துகொண்டிருக்கும் தாளைப் பார்ப்பார். அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது. அதனால்தான் நான் இருக்கும் அறைக்கு ஜன்னல் உண்டா இல்லையா என்பதைக்கூட உனக்கு எழுதவில்லை.

வக்கீல் மாமாவை விடாதே. தனியாக இருக்காதே. அறைத்தோழியோடு போ, அவளோடு வா. படிப்பை விட்டுவிடாதே, அதற்காக நான் பட்டது கொஞ்சமில்லை. பதில் எழுதாதே. எழுதினால் யாராவது எடுத்து எங்காவது சேர்ப்பார்கள், அந்த வழியைப் பிடித்துக்கொண்டே அவர் வந்துவிடுவார்.

இதைப் படித்து முடித்ததும் எரித்துவிடு. என்னை நினைத்துக்கொண்டால் அழு, யார் கேட்டாலும் அக்கா போய்விட்டாள் என்று சொல். சொல்லிச் சொல்லி உனக்கே அது நிஜமாகிவிட்டால் இன்னும் நல்லது.

அக்கா